வாசகர் கேட்டவை: கடல் கடந்து போகும் காணிக்கை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் சபையில் முப்பது பேர் கொண்ட சிறிய தொண்டுக் குழுவொன்று இருக்கிறது. மியன்மார் நிலநடுக்கத்துக்காகச் சேர்த்த உடுபுடவைகள் பதினெட்டுப் பெட்டிகளாக மண்டபத்தில் கிடக்கின்றன. அவற்றை அனுப்புவதற்குக் கேட்கும் கூலி எங்கள் கையிருப்பிலும் அதிகம். கொடுத்தவர்களின் மனம் நோகாமல் என்ன செய்யலாம்?

அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். அதைச் சொல்லும் உரிமை எனக்கு ஓரளவு உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், அடுத்த தை மாதம் முழுவதும், கொழும்பில் ஒரு தேவாலய மண்டபத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரிக்கும் வேலையில் நானும் இருந்தேன். அம்பாறைக்கும் முல்லைத்தீவுக்கும் போக வேண்டிய அந்த மூட்டைகளுக்குள் கம்பளிக் குளிரங்கிகளும், குதியுயர்ந்த செருப்புகளும், சோடியில்லாத காலுறைகளும் இருந்தன. நாள் முழுவதும் பிரித்தால் சேலை, சாரம், சிறுவர் உடுப்பு என்று நாலைந்து பெட்டி தேறும். மிச்சத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதே பெரிய தலையிடியாயிற்று. அந்தப் பேரலையில் எங்களைவிட மோசமாக அடிபட்ட இந்தோனேசியாவின் ஆச்சேயிலோ, இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்ததாகவும், அதில் பாதிக்கு மேல் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை என்றும் பின்னர் கணக்கெடுத்தவர்கள் எழுதினார்கள். அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள்.

பொருள் போய்ச் சேரும் வழியையும் எண்ணிப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் 7.8 அளவில் அதிர்ந்தபோது, காத்மண்டு சர்வதேச விமான நிலையத்துக்கு ஒரேயொரு ஓடுபாதைதான் இருந்தது. சில நாட்களில் அதுவும் சேதமுற, பெரிய விமானங்களை இறக்க விடாமல் நிறுத்தினார்கள். அந்த நெருக்கடிக்குள் நம்முடைய பழந்துணிப் பெட்டியொன்று இடம் பிடிக்குமானால், ஒரு கூடாரமோ ஒரு மருத்துவக் கருவியோ வெளியில் காத்திருக்கிறது என்று பொருள். நேபாளத்தில் அடுத்த மாதங்களில் வேண்டியிருந்தவை மழைக்காலத்துக்கு முன் தலைக்கு மேல் போடத் தறப்பாளும் கூரைத் தகரமும். மியன்மாரில் வீடிழந்து வெட்டவெளியில் படுத்தவர்களுக்கு வேண்டியிருந்தவை குடிநீரும் நுளம்பு வலையும் தறப்பாளும். ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் என்பது நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் அளவுகோல். நீரைக் கொழும்பிலிருந்து யாரும் கப்பலேற்றப் போவதில்லை. அங்கேயே பவுசர் பிடிக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

பணம் அனுப்புவது ஏதோ புதுக்காலத்து வழக்கம் என்று உங்கள் சபை மூப்பர்கள் சொன்னால், அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தில், அந்தியோகியா சபையார் தத்தம் திராணிக்கேற்பச் சேர்த்து, யூதேயாவிலிருந்த மூப்பர்களிடம் பர்னபா, சவுல் ஆகியோரின் கையில் கொடுத்தனுப்பினார்கள். பிறதேசத்தாரின் துயரத்துக்குச் சபையொன்று உதவிய மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அதில் துணி மூட்டை கிடையாது. எங்கே யாருக்கு என்ன குறை என்பதை அறியக்கூடிய அவ்விடத்து மூப்பர்களிடமே அது போய்ச் சேர்ந்தது.

பதினெட்டுப் பெட்டிகளுக்கும் வழி உண்டு. சபை வளாகத்திலேயே ஒரு சனிக்கிழமை குறைந்த விலையில் விற்று, வந்த தொகையை அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவியுங்கள். தான் தந்த சேலை ஒரு தறப்பாளாகப் போகிறது என்று தெரிந்தால் எந்த அக்காவும் கோபிக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: சிறு அமைப்பு அனுப்பும் பணம் உரியவர்களைச் சேர்ந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

முழு உத்தரவாதம் எவரிடமும் இல்லை. கேட்டால் கணக்குக் காட்டும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எருசலேமுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றஞ்சாட்ட இடமிருக்கக் கூடாது என்று தீத்துவோடு வேறு இரு சகோதரரையும் அனுப்பிய செய்தி இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மியன்மார் விடயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்புப் பணத் தடுப்புக்கான சர்வதேச செயலணி அந்நாட்டை 2022 ஒக்டோபரில் கறுப்புப் பட்டியலில் சேர்த்தபின் வங்கிகள் ஒவ்வொரு அனுப்பலையும் துருவிக் கேட்கின்றன. தனிப்பட்ட கணக்குக்கோ, வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரரிடமோ போகாமல், அங்கே ஏற்கெனவே வேர்கொண்டிருக்கும் உங்கள் திருச்சபைப் பிரிவின் தலைமையகத்தின் ஊடாகவோ, கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாஸ் போன்ற வலையமைப்பின் ஊடாகவோ அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவைப்படுத்தி, ஆண்டு முடிவில் வெளியாள் ஒருவரைக் கொண்டு கணக்காய்வு செய்வியுங்கள். குழுவின் பொருளாளர் நல்லவர் என்பது இதற்குப் பதிலாகாது. நல்லவருக்கும் இது பாதுகாப்பு.

தெகிவளையிலிருந்து ஓர் இளைஞர்: நிவாரணப் பொதிக்குள் ஒரு சுவிசேஷச் சிறுநூலை வைப்பதில் தவறென்ன?

தவறு என்றே கருதுகிறேன், தம்பி. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994 இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவியை மத இனப் பாகுபாடின்றிக் கொடுக்கவும், ஒரு மதக் கருத்தை முன்னெடுக்க அதைப் பயன்படுத்தாதிருக்கவும் சொல்கிறது. கிறிஸ்தவ நிறுவனங்கள் பலவும் அதில் கைச்சாத்திட்டவை. பசித்தவர் கையில் சோற்றோடு வரும் நூலை அவர் மறுக்கும் நிலையில் இல்லை. மறுக்க முடியாத இடத்தில் வைக்கப்படும் அழைப்பு அழைப்பாகாது. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை, ரமழான் தொழுகை நேரத்தில் மியன்மாரின் பள்ளிவாசல்கள் பல இடிந்து தொழுதுகொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. மண்டலேயிலும் சகாயிங்கிலும் பௌத்த மடங்களும் விழுந்தன. நேபாளத்திலோ பிறரை மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். நீங்கள் செருகும் சிறுநூலுக்கு விலை கொடுப்பவர் அங்குள்ள சபைப் போதகர்.

வத்தளையிலிருந்து ஒரு வாசகர்: தனக்கு மிஞ்சித்தான் தானதருமம் என்பார்கள். டித்வா புயலில் மலையகம் மண்ணில் புதைந்திருக்க, பிறநாட்டுக்கு ஏன்?

கேள்வி நியாயமானது. ஆனால் நமக்கு மிஞ்சும் நாள் என்று ஒன்று வரும் என நான் நம்பவில்லை. பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் ஒரு நிதி, வெளிநாட்டுக்கு ஒரு நிதி என்று இரண்டு பெட்டிகள் வையுங்கள். கொடுப்பவர் தாமே தெரிந்து போடட்டும். ஒன்றுக்கென்று போட்ட பணத்தை மற்றதற்கு மாற்றும் எண்ணம் குழுவுக்கு வந்தால், போட்டவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்ததைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.