இடுப்பு வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா?

கேள்வி: 3 வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் டுலாக்ஸிடின் எழுதினார். ‘இது டிப்ரஷன் மாத்திரையாச்சே’ என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள். குமட்டலும் இருந்ததால் 4 நாளில் நிறுத்திவிட்டேன். வலி என் கற்பனை என்று டாக்டர் நினைக்கிறாரா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் வலி நிஜம்தான். மேலே ஏறிவரும் வலிச் செய்தியை அடக்க, மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அதற்கு செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு நரம்பு ரசாயனங்கள் வேண்டும். மனநிலைக்கும் இவற்றோடு தொடர்பு உண்டு. இரண்டையும் கூட்டித் தருவதால் இந்த மருந்து, மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலியைக் குறைக்கிறது. நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கு அமெரிக்காவில் 2010-லேயே அனுமதி தந்துவிட்டார்கள்.

வழக்கமாக ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. வெறும் காபியோடு போட்டால் குமட்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் குமட்டல் அடங்கிவிடும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டாதீர்கள். உள்ளே இருக்கும் குட்டி உருண்டைகளுக்கு, வயிற்று அமிலம் தாங்கும் பூச்சு இருக்கிறது. நசுங்கினால் மருந்து வீண். பலன் தெரிய 4 வாரமாவது ஆகும். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பலன்தான்.

மறுபடி தொடங்குமுன் டாக்டரிடம் பேசுங்கள். பி.பி., கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, கண் அழுத்தம் இருந்தால் மறைக்காதீர்கள். டிரமடால் என்ற வலி மருந்தும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று ஆபத்தாகலாம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு பயம் கூடும். பல மாதம் எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் இருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி, உடலை அளவாக இயக்குவதில் இருக்கிறது. வலி குறைந்த நாளில் வீட்டுத் துணி எல்லாம் துவைத்து, தி.நகரும் போய்வந்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். 10 நிமிட நடையில் வலி ஏறுகிறதா? 7 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 7, மோசமான நாளிலும் 7. வாரத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் கூட்டுங்கள்.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கழுத்து வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. காலையில் ரயிலேறும்போதும் தூக்கம் கலைவதில்லை.
- வாசகர், தாம்பரம்

பதில்: இதுவும் மனச்சோர்வுக்கான மருந்துதான், குறைந்த அளவில் வலிக்குத் தருவார்கள். தூக்கம் வரவழைக்கும். 11 மணிக்குப் போடுகிறீர்கள் என்றால் 8 மணிக்கு மாற்றிப் பாருங்கள். மயக்கம் தெளியும்வரை பைக் வேண்டாம். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் சகஜம். சிறுநீர் அடைத்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.