மாதம் 40 பவுண்டு, மூன்றே வாரத்தில் காலி: எந்த மேசையில் உட்காருவது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரண்டு மணி நேரம் ஆன்லைனில் போக்கர் விளையாடுகிறேன். லைசென்ஸ் உள்ள தளம்தான். டெக்ஸாஸ் ஹோல்டெம், ஆறு பேர் மேசை, பிளைண்ட் (ஒவ்வொரு கைக்கும் இருவர் சீட்டு பார்க்கும் முன்பே போட வேண்டிய தொகை) 5 பென்ஸ், 10 பென்ஸ். மாதம் 40 பவுண்டு போடுகிறேன், மூன்றாவது வாரமே தீர்ந்துவிடுகிறது. ஊரில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவன், சீட்டு எனக்குப் புதிதில்லை. பெரிய மேசையில் ஆட்கள் ஒழுங்காக விளையாடுவார்கள், அங்கே போனால் விட்டதைச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். போகலாமா? நான் தோற்ற ஒரு கையையும், அதாவது ஒரு சுற்று ஆட்டத்தையும், அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன் என்று சொல்ல முடியுமா?

பதில்: பெரிய மேசைக்குப் போக வேண்டாம். இருக்கிற மேசையிலிருந்தும் கீழே இறங்குங்கள். 1 பென்னி, 2 பென்ஸ் மேசைதான் உங்கள் 40 பவுண்டுக்கு ஏற்ற இடம்.

ஏன் என்று பணத்தை வைத்தே பார்ப்போம். ஒரு மேசையில் முழுத் தொகையோடு உட்காருவது என்றால் பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு. உங்கள் மேசையில் அது 10 பவுண்டு. அப்படியென்றால் உங்கள் மாதப் பணம் மொத்தமே நான்கு முறை உட்காரத்தான் போதும். கையில் இரண்டு ஏஸ், எதிரே இரண்டு கிங், முழுப் பணமும் நடுவில். இதைவிட நல்ல நிலை கிடைக்காது. அதிலேயே நூற்றுக்கு 18 முறை நீங்கள் தோற்பீர்கள். எந்தத் தப்பும் செய்யாமல் ஒரே கையில் மாதப் பணத்தில் கால்வாசி போய்விடும். அதே 40 பவுண்டோடு 1-2 பென்ஸ் மேசையில் உட்கார்ந்தால் 20 முறை உட்காரலாம். தொடர்ந்து விளையாடுகிறவர்கள் 30 மடங்கு, 40 மடங்கு கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு மேசைக்கே போவார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி விளையாடும் உங்களுக்கு 20 போதும். போட்டி ஆட்டம், அதாவது டோர்னமெண்ட் என்றால் கணக்கு வேறு. அதில் பெரும்பாலான நாள் ஒன்றும் கிடைக்காது, எப்போதாவது ஒருநாள் நல்ல தொகை வரும். அதனால் 100 நுழைவுக் கட்டணமாவது கையில் வேண்டும். உங்கள் தொகைக்கு, மிஞ்சிப் போனால், 40 பென்ஸ் போட்டிகள்.

நண்பர் சொன்னதில் ஒன்று உண்மை. மேலே போகப் போக ஆட்கள் ஒழுங்காகத்தான் விளையாடுகிறார்கள். போகக் கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம். போக்கரில் உங்களுக்கு வரும் பணம் உங்களைவிட மோசமாக விளையாடுகிறவரிடமிருந்துதான் வர வேண்டும். ஒழுங்காக விளையாடுகிறவர் உங்களுக்கு எதையும் தரமாட்டார்.

இன்னொரு கணக்கையும் பொறுமையாகப் பாருங்கள். வாரம் நான்கு மணி நேரம், மணிக்கு ஏறக்குறைய 75 கை. வாரத்துக்கு 300, வருஷத்துக்கு 15,000 சொச்சம். கேட்க நிறைய மாதிரி இருக்கும், போக்கருக்கு அது கொஞ்சம். நன்றாக விளையாடுகிறவரே இந்த மாதிரி மேசையில் 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் சம்பாதித்தால் நல்ல கணக்கு. 15,000 கைக்கு அது 750 பிளைண்ட். ஆனால் அதே 15,000 கையில், அதிர்ஷ்டம் மட்டுமே சர்வசாதாரணமாக 1,000 பிளைண்ட் மேலேயோ கீழேயோ இழுத்துவிடும். நன்றாக விளையாடியும் வருஷக் கடைசியில் நஷ்டத்தில் நிற்கலாம், கண்டபடி விளையாடியும் லாபத்தில் நிற்கலாம். உங்கள் மேசையில் அந்த 1,000 பிளைண்ட் 100 பவுண்டு, 1-2 பென்ஸ் மேசையில் 20 பவுண்டு. அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு கொடுக்க நேரிடும் என்பதை மேசையைத் தேர்ந்தெடுக்கும்போதே நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள். ‘விட்டதை எடுப்பது’ என்ற பேச்சையும் இதனால்தான் விடச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு விளையாடுகிறவருக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கெடு வைத்து எடுக்க இதில் வழியே இல்லை.

அப்புறம் ரேக். தளம் எடுக்கும் கமிஷன். பல தளங்களில் நடுவில் சேரும் பணத்தில் 5 சதவீதம் அளவுக்கு, ஓர் உச்ச வரம்புக்குள் எடுப்பார்கள். பிளாப், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு, வராமல் முடிந்த கைக்குப் பொதுவாக எடுப்பதில்லை. சின்னத் தொகையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். 100 கையில் பிளாப் பார்த்து நீங்கள் ஜெயிப்பது 12 என்றும், ஒவ்வொன்றும் சராசரி 1.20 பவுண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 6 பென்ஸ், மொத்தம் 72 பென்ஸ். மாதம் 1,300 கைக்கு 9 பவுண்டுக்கு மேல். உங்கள் 40-இல் அவ்வளவு தொகை எதிராளி யாருமே எடுக்காமல் கரைகிறது. கீழ் மேசையிலும் ரேக் உண்டு, விகிதத்தில் பார்த்தால் அங்கே இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கடிக்கும். ஆனால் தொகை சிறியது. ஃபோல்ட் செய்த (சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகிய) நொடியே வேறு மேசைக்குத் தூக்கிப்போடும் அதிவேக வகை பல ஆப்களில் இருக்கிறது. அதில் மணிக்கு 200 கைக்கு மேல் ஓடும். ரேக்கும் அதே வேகத்தில் ஓடும். சாதாரண மேசையிலேயே இருங்கள், அதுவும் ஒரே மேசை.

சரி, உங்கள் கைக்கு வருவோம். பெரிய பிளைண்டான 10 பென்ஸ் போட்டது நீங்கள். ஏஸ், ஜாக். நடு இருக்கையில் இருந்தவர் ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை 30 பென்ஸுக்கு ஏற்றினார்; நீங்கள் கால், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தீர்கள். விலகிய சின்ன பிளைண்டின் 5 பென்ஸோடு நடுவில் 65 பென்ஸ். பிளாப் ஏஸ், 9, 6, மூன்றும் வேறு வேறு இனம். அவர் 40 பென்ஸ், நீங்கள் கால். டர்ன், அதாவது நான்காவது பொதுச் சீட்டு, 3. அவர் 1 பவுண்டு, நீங்கள் கால். நடுவில் இப்போது 3.45. ரிவர், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு, 2. அவர் 2.50 போடுகிறார். ‘ஏஸ் ஜோடி இருக்கும்போது எப்படி விடுவது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். கால் செய்தீர்கள். அவர் 9, 9 காட்டினார், பிளாப்பில் இருந்த 9-ஓடு மூன்று 9.

பிளாப் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. டர்னிலும் நான் கால் செய்திருப்பேன். ரிவரில்தான் தப்பு. 2.50 கொடுத்து நீங்கள் எடுக்கப் பார்ப்பது, நடுவில் இருந்த 3.45-உம் அவர் போட்ட 2.50-உம் சேர்த்து 5.95. பத்தில் மூன்று முறையாவது நீங்கள் ஜெயித்தால்தான் அந்தக் காலுக்குக் கட்டும். உங்கள் கடிதத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: ‘அரை மணி நேரமாக அவர் அதிகம் விளையாடவே இல்லை.’ அப்படிப்பட்ட ஒருவர், இந்தச் சின்ன மேசையில், மூன்று முறை தொடர்ந்து பணம் போடுகிறார். ஒவ்வொரு முறையும் நீங்கள் விடவில்லை என்று பார்த்துவிட்டும் போடுகிறார். அவர் கையில் என்ன இருக்கும்? ஏஸ்-கிங், ஏஸ்-குயின், இரண்டு ஜோடி, மூன்று ஒரே சீட்டு. இவை எல்லாமே உங்கள் கையை அடிக்கும். ஏமாற்றுவதற்காகப் போட்டிருப்பார் என்பது பத்தில் ஒன்று இருந்தால் அதிகம். அந்த 2.50 என்பது 25 பெரிய பிளைண்ட். நன்றாக விளையாடுகிறவர் 500 கை உட்கார்ந்து சம்பாதிப்பதை ஒரே காலில் கொடுத்திருக்கிறீர்கள். போதாததற்கு, நடுவில் சேர்ந்த 8.45-இல் 5 சதவீத ரேக் என்றால் 42 பென்ஸ் தளத்துக்கு.

என் அனுபவத்தில் சின்ன மேசைகளில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மோசமான சீட்டில் போவது குறைவு. நல்ல சீட்டு, ஆனால் போதுமான அளவு நல்லதில்லை, அதை வைத்துக்கொண்டு ரிவரில் கால் செய்வதில்தான் போகிறது. அமைதியாக இருந்தவர் ரிவரில் திடீரென்று பெரிதாகப் போட்டாலோ, நீங்கள் போட்டதற்கு மேல் ஏற்றினாலோ, ஒரே ஒரு ஜோடியை விட்டுவிடுங்கள். சில சமயம் ஏமாந்திருப்பீர்கள். பரவாயில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இந்த மேசைகளில் எல்லோரும் உங்களைப் போலவே கால் செய்கிறார்கள். அதனால் அந்த 9-9 ஆள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். நல்ல கை வந்தால் ஒளித்துவைக்காமல் மூன்று முறையும் பணம் போடுங்கள். விடமாட்டார் என்று தெரிந்த ஆளிடம் ஏமாற்றுப் பந்தயம் போடாதீர்கள்.

304 பற்றி எழுதியிருந்தீர்கள், அதில் ஒரு விஷயம் எனக்குத் தட்டுப்பட்டது. ஜாக் பெரிது, அடுத்தது 9, அதன் பிறகுதான் ஏஸ் என்ற வரிசையைச் சொல்லவில்லை, அதை மறக்க ஒரு வாரம் போதும். 304-இல் முதல் நான்கு சீட்டைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்பீர்கள், மீதி நான்கு வரும், பிறகு கடைசிச் சீட்டு வரைக்கும் எல்லோரும் விளையாடியே ஆக வேண்டும். பாதி சீட்டை வைத்துக் கணிப்பது போக்கருக்கும் நல்ல பயிற்சி. ஆனால் சீட்டு வந்துவிட்டால் கடைசி வரைக்கும் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே விலை கேட்கும். போக்கரில் சீட்டைப் போட்டு விலகுவதுதான் அதிகம் செய்யும் வேலை. ஆறு பேர் மேசையில் 100 கையில் 75, 80 கை பிளாப் வருவதற்கு முன்பே ஃபோல்ட் ஆக வேண்டும். முதலில் பேசும் இருக்கையில் ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே இனத்தில் ஏஸ்-ஜாக், கிங்-குயின், அவ்வளவுதான். டீலர் பட்டன் உங்களிடம் இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் பிளாப்புக்குப் பிறகு எல்லோரும் பேசி முடித்தபின் கடைசியாகப் பேசுவது நீங்கள். உள்ளே வருவதென்றால் சும்மா கால் செய்து நுழையாமல், மூன்று பிளைண்ட் அளவுக்கு ரெய்ஸ் செய்து வாருங்கள். ஏஸ்-கிங் வந்தாலும் பிளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான். சின்ன ஜோடி மூன்றாக மாறுவது எட்டு, ஒன்பது முறைக்கு ஒரு தடவை.

ஒரே இனத்தில் ஐந்து சேர இன்னும் ஒரு சீட்டு வேண்டும் என்று காத்திருக்கிறீர்களா? மீதி 9 சீட்டு இருக்கிறது. அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 19 சதவீதம் சொச்சம், இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் 35. மனக்கணக்குக்கு, வேண்டிய சீட்டு எண்ணிக்கையை ஒரு சீட்டுக்கு 2-ஆல், இரண்டு சீட்டுக்கு 4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். நடுவில் 1 பவுண்டு, எதிராளி 50 பென்ஸ் போட்டால் உங்களுக்கு 25 சதவீதம் தேவை. ஒரு சீட்டுக்கு 19 என்றால் கட்டவில்லை. வந்தால் அவரிடமிருந்து இன்னும் நிறைய வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் இருங்கள்.

ஒரு இரவில் இரண்டு முறை முழுத் தொகை போய்விட்டால் அன்றைக்கு ஆப்பை மூடிவிடுங்கள். கெட்ட சீட்டில் அடிவாங்கிய பிறகு கை தானாகவே கால் பட்டனுக்குப் போகும், எனக்கும் போகும். அதனால்தான் நான் உட்காரும் முன்பே நிறுத்தும் நேரத்தை நோட்டில் எழுதி வைக்கிறேன். தளத்திலேயே மாத வரம்பை 40 பவுண்டு என்று போட்டுவிடுங்கள். வரவேற்பு போனஸைக் கண்டு அதிகமாகப் போட வேண்டாம். நீங்கள் ரேக் கட்டக் கட்டத்தான் அது துளித்துளியாக விடுபடும், அதற்கும் ஒரு காலக்கெடு இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஜெயித்த பணத்துக்கு வரி இல்லை, தோற்றதைக் கழிக்கவும் முடியாது. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாட்டப் பணம் கட்ட அங்கே தடை. கடன் வாங்கி விளையாடக் கூடாது என்பதற்காக வந்த தடை அது, சுற்றுவழி தேடாதீர்கள். விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும்போது இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் போக்கர் பிடித்திருந்தால் வீட்டில் காசில்லாமல் விளையாடுங்கள். விளம்பரம் அனுப்பும் வெளிநாட்டுத் தளங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, திரும்ப வராவிட்டால் போய்க் கேட்க ஓர் இடமும் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 40 என்பது 60 ஆகி, வீட்டில் சொல்லாமல் போடும் நாள் வந்தால், மேசை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அன்றைக்கே, சூதாட்டத் தளங்களிலிருந்து உங்களையே விலக்கிவைக்கும் பிரிட்டன் சேவையான கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யுங்கள். இலவசம். ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள எல்லாத் தளங்களும் உங்களை உள்ளே விடாது, நடுவில் மனம் மாறினாலும் விடாது. பல வங்கிகளின் ஆப்பிலேயே சூதாட்டச் செலவைத் தடுக்கும் வசதியும் உண்டு. இப்போது உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, நிம்மதியாக இருக்கிறது.

1-2 பென்ஸ் மேசைக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ரிவரில் நீங்கள் கால் செய்யும் ஒவ்வொரு கையையும் ஒரு வரியில் எழுதுங்கள்: உங்கள் சீட்டு, எவ்வளவு கொடுத்தீர்கள், எதிராளி என்ன காட்டினார். இருபது சேர்ந்ததும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.