குவிமாடத்தின் பாரம் எங்கே போகிறது? பைசாந்திய, ரோமனெஸ்க் கட்டடங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. படத்தைப் பார்த்ததும் இது பைசாந்தியம், இது ரோமனெஸ்க் என்று எப்படிப் பிரிப்பது? இரண்டிலும் அரைவட்ட வளைவுதானே இருக்கிறது?

பதில்: வளைவை வைத்துப் பிரிக்க முடியாது. பைசாந்தியம் கான்ஸ்டான்டிநோபிளைத் (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின் பாணி; ரோமனெஸ்க் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் பரவிய பாணி. இரண்டுமே வளைவை ரோமானியரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. கூரையைப் பாருங்கள். பைசாந்தியத் தேவாலயத்தில் நடுக் குவிமாடம்தான் தலை; சுற்றியுள்ளதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்க நிற்பவை. மெல்லிய செங்கல், தடித்த காரை, உள்ளே பொன் மொசைக். ரோமனெஸ்க் தேவாலயம் கிழக்கு மேற்காக நீளும் கல் மண்டபம். மேலே வில்வண்டிக் கூடு போன்ற வளைகூரை, பெரும்பாலும் மேற்கு முகப்பில் கோபுரங்கள், வெளிச்சுவரில் வரிசையாகச் சிறு குருட்டு வளைவுகள் (திறப்பு இல்லாமல் சுவரோடு ஒட்டியவை). கலப்பும் உண்டு. 1063இல் தொடங்கிய வெனிஸ் சான் மார்கோ தேவாலயம், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த திருத்தூதர் ஆலயத்தைப் பார்த்து ஐந்து குவிமாடங்களுடன் எழுப்பப்பட்டது.

கேள்வி: சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காருகிறது? மூலைகள் காலியாகத்தானே இருக்கும்?

பதில்: ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். வாய்க்குள் அடங்கும் அளவுக்கு ஒரு சதுரம் வரைந்து, நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டுங்கள். வெட்டிய இடங்களில் நான்கு வளைவுகள் தெரியும். அவற்றின் உச்சி மட்டத்தில் மேற்பகுதியைக் கிடையாகச் சீவி எடுத்தால், நான்கு மூலைகளிலும் குழிந்த முக்கோணங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் மேல்விளிம்பு முழு வட்டம். அந்த முக்கோணம்தான் பெண்டன்டிவ். குவிமாடம் அந்த வட்டத்தில் அமர்கிறது, பாரம் நான்கு மூலைத் தூண்களுக்கு இறங்குகிறது.

இன்னொரு முறை ஸ்குவின்ச்: மூலைக்குக் குறுக்கே ஒரு சிறு வளைவு போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்குவது. கிரேக்கத்தில் ஓசியோஸ் லூக்காஸ், டாஃப்னி மடாலயங்களில் இதைப் பார்க்கலாம், இரண்டும் 11ஆம் நூற்றாண்டு.

கேள்வி: கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா தேவாலயத்தின் குவிமாடம் கட்டி முடித்து இருபது ஆண்டுகளில் விழுந்தது ஏன்? நிலநடுக்கம் மட்டும்தானா?

பதில்: நிலநடுக்கம் கடைசி அடி. அதற்கு முன்பே கட்டடம் களைத்திருந்தது. 532இல் தொடங்கி 537இல் முடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஐந்து ஆண்டு மிகக் குறைவு. அங்கே காரைப் படுகை செங்கல்லைவிடத் தடிமனானது. சுண்ணாம்புக் காரை இறுகப் பல ஆண்டுகள் எடுக்கும். ஈரக்காரையின் மேலேயே பாரத்தை ஏற்றியதால், வளைவுகள் வெளிப்பக்கம் தள்ள, தூண்கள் வேலை நடக்கும்போதே சாயத் தொடங்கின.

அடுத்து குவிமாடத்தின் வடிவம். கணிதம் அறிந்த ட்ரால்லஸ் அந்தெமியஸும் மிலேட்டஸ் இசிடோரும் போட்ட முதல் குவிமாடம் தாழ்வானது. குவிமாடம் தட்டையாக ஆக, பக்கவாட்டுத் தள்ளல் கூடும். கிழக்கிலும் மேற்கிலும் அரைக்குவிமாடங்கள் சாய்ந்து தாங்குகின்றன. வடக்கிலும் தெற்கிலும் அந்த அளவு முட்டு இல்லை. 553, 557 நிலநடுக்கங்களுக்குப் பின் 558இல் கிழக்குப் பெருவளைவோடு குவிமாடம் சரிந்தது. இளைய இசிடோர் அதைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தி, 562க்குள் மீண்டும் கட்டினார். விட்டம் ஏறத்தாழ 31 மீட்டர், உச்சி தரையிலிருந்து சுமார் 55 மீட்டர்.

அடியில் உள்ள 40 சன்னல்களை வெளிச்சத்துக்காக மட்டும் வைத்ததாக நினைக்கிறார்கள். குவிமாடம் வெளிப்பக்கம் விரிந்து செங்குத்தாக வெடிப்பது அந்தக் கீழ்ப்பட்டையில்தான். அங்கே இடைவெளி விட்டு, இடையிடையே தடித்த கட்டுமானத்தை நிறுத்தினால் விரிசல் ஓடச் சுவரே இருக்காது. இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

989இல் மேற்குப் பகுதியும் 1346இல் கிழக்குப் பகுதியும் விழுந்தன. 989 சேதத்தைச் சரிசெய்தவர் ஆர்மேனியக் கட்டடக்கலைஞர் டிர்டாட். இன்று நாம் பார்க்கும் குவிமாடம் மூன்று காலத்து வேலை. அதனால் அது சரியான வட்டமும் இல்லை.

கேள்வி: சார், நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறேன். பைசாந்தியக் காரையில் செங்கல் தூள் கலந்தார்களாமே, நம் சுர்க்கி மாதிரியா? விரிசலுக்குச் சிமெண்ட் வைத்தால் என்ன?

பதில்: அதே வேதியியல்தான். செங்கல் தூளில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, காற்றுப் படாத உள்பகுதியிலும் காரையை இறுக வைக்கின்றன. தூளுக்கு மிதமாக வெந்த செங்கல் வேண்டும். அதிகம் வெந்து கண்ணாடிபோல் ஆனது வெறும் மணலாகவே கிடக்கும். பொதுவான கலவை 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு செங்கல் தூளும் நொறுக்கும்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அது செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. சுவர் அசையும்போது காரை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் செங்கல் உடையும். உள்ளே சிக்கிய ஈரம் உப்போடு சேர்ந்து செங்கல் முகத்தைப் பொரித்துத் தள்ளும்.

கேள்வி: ரோமனெஸ்க் தேவாலயங்கள் ஏன் அவ்வளவு இருட்டு?

பதில்: வண்டிக்கூட்டுக் கூரை தன் நீளம் முழுவதும் சுவரை வெளியே தள்ளுகிறது. எங்கே சன்னல் திறந்தாலும் அங்கே சுவர் பலவீனம். இரண்டு கூடுகளைக் குறுக்காக வெட்டவிட்டால் பாரம் நான்கு மூலைகளுக்குச் சேரும், இடைச்சுவர் சன்னலுக்குக் கிடைக்கும். ஜெர்மனியின் ஸ்பயர் பேராலயத்தில் 1080களில் தொடங்கி நடு மண்டபத்துக்கு இப்படித்தான் கூரை மாற்றினார்கள். ஆனால் அரைவட்டத்தின் அகலமே அதன் உயரத்தையும் முடிவு செய்கிறது. நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட கட்டம் நீள்சதுரமாக இருந்தால் நான்கு பக்க வளைவுகளும் ஒரே உயரத்துக்கு வராது. அதனால் கட்டங்களைச் சதுரமாகவே வைத்து, நடு மண்டபத்தில் ஒரு பெரிய கட்டத்துக்குப் பக்க மண்டபத்தில் இரண்டு சிறு கட்டங்கள் என்று அமைத்தார்கள். தூண்கள் ஒன்று பெரிது ஒன்று சிறிதாக மாறி மாறி நிற்பதன் காரணம் இதுவே. 1093இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் கூரைக்கு விலா எலும்புபோல் கல் வளைவுகள் வந்தன. நடுமண்டபத்தில் குறுக்கு வளைவுகளைக் கூராக்கி உயரச் சிக்கலைத் தீர்த்தார்கள்.

முட்டு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் வெஸ்லே தேவாலயம் சாட்சி. உள்ளே நின்று பார்த்தாலே சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது தெரியும்.

கேள்வி: கான்ஸ்டான்டிநோபிள் கோட்டைச் சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கிறதே, அலங்காரமா?

பதில்: அலங்காரம் இல்லை. வெளிமுகத்தில் வெட்டுக்கல், உள்ளே காரையும் உடைகல்லும். சில வரிசைக்கு ஒருமுறை செங்கல் அடுக்கு சுவரின் முழு அகலத்துக்கும் ஊடுருவிப் போய், முகத்தையும் உட்பகுதியையும் தைத்துப் பிடிக்கிறது, மட்டத்தையும் சரிசெய்கிறது.

கேள்வி: அண்ணா, நார்மன் கோட்டைகளின் சதுரக் கோபுரம் பிறகு ஏன் வட்டமானது? சுழல் படி வலஞ்சுழியாக இருப்பது வாள் வீசத்தானா?

பதில்: இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையைப் பாருங்கள் தம்பி. 1127இல் தொடங்கிய கோபுரம். வாசல் தரையில் இல்லை, முதல் தளத்தில். சுவர் சுமார் 3.7 மீட்டர் தடிமன். 1215இல் மன்னர் ஜான் முற்றுகையிட்டபோது தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மரமுட்டு கொடுத்து, நாற்பது பன்றிகளின் கொழுப்பை வரவழைத்து எரித்தார், மூலை விழுந்தது. சதுர மூலைதான் சுரங்கம் தோண்டுபவனுக்கு வசதி: இரண்டு சுவரின் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது, முனையைச் சுற்றி மேலிருப்பவர் கண்ணில் படாத இடமும் உண்டு. ஆனாலும் உள்ளிருந்தவர்கள் நடுவே ஓடும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய்ப் போரிட்டார்கள். பசிதான் அவர்களைப் பணிய வைத்தது. பிறகு அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். இன்றும் மூன்று சதுரம், ஒன்று வட்டம்.

படி விஷயத்தில் வாள் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இடஞ்சுழிப் படிகளும் பல கோட்டைகளில் உள்ளன.