முழுப் பல் செட்டும் பார்ஷியலும் செய்யும் சின்ன லேபுக்கு எந்த ஆர்ட்டிகுலேட்டர் வாங்கலாம்?

உங்கள் கேள்வி இது: திருமங்கலத்தில் சொந்தமாக லேப் போடுகிறீர்கள். வரப்போகிற வேலையில் முக்கால்வாசி முழு செட்டும், சில பற்களுக்கு மட்டும் கழற்றி மாட்டும் பார்ஷியலும்தான். கையில் இருப்பது இரண்டு ஹிஞ்ச் ஆர்ட்டிகுலேட்டர் (மேல், கீழ்த் தாடை மாடல்களை மாட்டி, வாய் மாதிரித் திறந்து மூடிப் பார்க்கும் கருவி; ஹிஞ்ச் அதில் எளிய வகை). அதை வைத்தே ஓட்டலாமா, இல்லை கடன் வாங்கியாவது ஃபேஸ்போவோடு (மூட்டிலிருந்து மேல்தாடை எங்கே இருக்கிறது என்று அளக்கும் கருவி), கோணங்களைத் திருகி மாற்றக்கூடிய செமி அட்ஜஸ்டபிள் ஒன்று வாங்கிவிடலாமா?

மதுரையில் பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சராசரி ஆளின் அளவில் கோணங்களை நிலையாக வைத்துச் செய்த மீன் வேல்யூ ஆர்ட்டிகுலேட்டர், ஆட்டமில்லாததாக மூன்று வாங்குங்கள். ஹிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தபோது என்னிடமும் ஹிஞ்ச்தான் இருந்தது. சோழவந்தான் பக்கம் ஓர் அப்பத்தாவுக்கு முழு செட் செய்தேன். டிரையலில் ஒரு குறையும் இல்லை. பத்து நாளில் செட் திரும்பி வந்தது. டாக்டர் தேய்த்துக் கொடுத்தார், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை என்னையே கிளினிக்குக்கு வரச் சொன்னார். அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு வாயில் போட்டார். நேராகக் கடித்தவரை செட் அசையவில்லை. தாடையை வலது பக்கம் ஒதுக்கி அரைக்க ஆரம்பித்ததும் மேல் செட்டின் இடது பக்கம் பொத்தென்று இறங்கியது. "கடிச்சா நிக்குதுய்யா, அரைச்சா கழண்டுருது" என்றார். சோழவந்தான்காரரிடம் வெற்றிலையை விடச் சொல்ல முடியுமா?

தப்பு செட்டில் இல்லை, அதை நான் அடுக்கிய இடத்தில் இருந்தது. ஹிஞ்ச் என்பது கதவுக் கீல். திறக்கும், மூடும், பக்கவாட்டில் போகாது. முழு செட்டைப் பிடித்துக்கொள்ள வாயில் சொந்தப் பல் கிடையாது. தாடை ஒரு பக்கம் நகரும்போது எதிர்ப்பக்கப் பற்களும் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது சாயாமல் உட்கார்ந்திருக்கும். அந்தத் தொடுதல் இருக்கிறதா என்று ஹிஞ்சில் பார்க்கவே வழியில்லை.

மீன் வேல்யூவில் பார்க்கலாம். இதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் பான்வில் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சொன்ன கணக்கில் இருக்கிறது. இரண்டு தாடை மூட்டுகளுக்கும் கீழ் முன்பற்களின் நடுப்புள்ளிக்கும் இடையே பக்கத்துக்கு 4 அங்குலமுள்ள சமபக்க முக்கோணம். மூட்டுச் சரிவு, அதாவது தாடை முன்னே போகும்போது மூட்டு இறங்கும் கோணம், பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி நிலையாக வைக்கப்பட்டிருக்கும். எல்லாமே சராசரி ஆளின் அளவு. உங்கள் நோயாளி சராசரி ஆள் இல்லைதான். ஆனால் செட் உட்காருவது மெத்தென்ற ஈறின் மேல். ஈறே அழுந்திக் கொடுக்கிற இடத்தில் அதைவிட நுணுக்கமான கணக்கு பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

அப்படியென்றால் செமி அட்ஜஸ்டபிள் எதற்கு? நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் டாக்டர் சொல்லியனுப்பியது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஃபேஸ்போ எடுத்து மேல்தாடை இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். தாடையை 5, 6 மில்லிமீட்டர் முன்னே தள்ளி ஒரு பைட் (கடியின் பதிவு) எடுத்தனுப்பினால் அதை வைத்து மூட்டுச் சரிவைத் திருகி வைப்போம். பக்கவாட்டுக் கோணத்துக்கு ஹனாவ் சூத்திரம் உண்டு: சரிவை 8ஆல் வகுத்து 12 கூட்ட வேண்டும். சரிவு 32 என்றால் பக்கவாட்டுக் கோணம் 16. இதெல்லாம் வந்தால் அழகு. எனக்கு வேலை தரும் டாக்டர்களில் ஃபேஸ்போ அனுப்புகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர்களின் வேலைக்கு அதில் சராசரி எண்ணைத்தான் வைக்கிறேன். அப்போது அது விலை கூடிய மீன் வேல்யூ, அவ்வளவுதான். கடன் வாங்கும் முன் உங்கள் டாக்டர்களுக்கு ஒரு போன் போட்டு, ஃபேஸ்போ எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். மேல்கை நகராமல் பிடிக்கும் சென்ட்ரிக் பூட்டைப் போட்டுவிட்டு, கீழ்ப்பாகத்தை மேசையில் அழுத்திப் பிடித்து, மேல்கையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் கை விரலுக்குத் தெரிந்தாலும் அந்தப் பீஸ் வேண்டாம். அப்புறம் இன்சைசல் பின் என்கிற முன்கம்பியின் நுனிக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில் மெல்லிய தாளை வைத்து இழுங்கள். தாள் பிடிக்க வேண்டும். பத்து தடவை திறந்து மூடி மறுபடி இழுங்கள், அதே மாதிரி பிடிக்க வேண்டும். பூட்டை எடுத்துவிட்டு இடதும் வலதும் நகர்த்தும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தால் உங்கள் பல் அடுக்கும் அந்தப் பக்கமே கோணும்.

முன்கம்பிதான் முழு செட் வேலையின் உயிர். ஹீட் க்யூர் அக்ரிலிக் வேகும்போது பல் கொஞ்சமாவது நகராமல் இருக்காது. அதனால் மாடலை ஆர்ட்டிகுலேட்டரில் மவுண்ட் பண்ணும் (பிளாஸ்டர் வைத்துப் பொருத்தும்) முன்பே அதன் அடியில் பள்ளம் வெட்டி, வாசலின் தடவிக்கொள்ளுங்கள்; அப்போதுதான் கழற்றிய மாடலை அதே இடத்தில் திருப்பி வைக்க முடியும். அக்ரிலிக்கை வேகவைக்கும் ஃபிளாஸ்கைத் திறந்ததும் செட்டை மாடலிலிருந்து பிரிக்காமல் அப்படியே ஆர்ட்டிகுலேட்டரில் திருப்பி உட்கார வையுங்கள். முன்கம்பி தட்டைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் போலத் தூக்கி நிற்கும். ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் வைத்து உயர்ந்த இடங்களைத் தேய்த்து, கம்பி மறுபடி தொடும்வரை இறக்குங்கள். இதை இங்கே செய்யாவிட்டால் டாக்டர் நோயாளியின் வாயில் செய்வார், உங்களைத் திட்டிக்கொண்டே.

ஃபேஸ்போ இல்லாதபோது முன்கம்பியிலும் பின்தூண்களிலும் இருக்கும் காடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, பல் வரும் இடத்தில் வைக்கும் மெழுகு ரிம்மின் மட்டத்தை அதற்கு ஒத்து வைத்து மவுண்ட் பண்ணுங்கள். பைட் உயரத்தைக் கூட்டிக் குறைக்கச் சொன்னால் கம்பியை நீங்களாகத் திருகாதீர்கள். சராசரி மவுண்டிங்கில் மூடும் வளைவு நோயாளியுடையது இல்லை. புது பைட் கேளுங்கள். அடுக்கிய மெழுகை நம்மூர் சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்து டிரையலுக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பி, முன்பல் ஆறும் சரிந்து போயின.

பார்ஷியலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஒன்றிரண்டு பல் நடுவில் இல்லை, மேல் மாடலும் கீழ் மாடலும் கையில் வைத்தாலே ஒரே இடத்தில் பொருந்துகிறது என்றால் உங்கள் ஹிஞ்ச் தாராளமாகப் போதும். கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லாத கேஸ் வேறு. மாடல் எங்கே உட்காரும் என்று சொல்லப் பின்னால் எதுவும் இருக்காது. அதற்கு ரிம் வைத்து எடுத்த பைட்டும் மீன் வேல்யூவும் வேண்டும். மேலே முழு செட், கீழே சொந்த முன்பற்கள் என்று வந்தாலும் அப்படியே. முன்பற்கள் பலமாக இடித்தால் மேல் செட்டின் பின்பக்கம் இறங்கும்.

மாடலைப் பிடித்துக்கொள்ளும் காந்தத் தட்டு உள்ளதாக வாங்கினால் மூன்றையும் ஒரே கம்பெனியில் ஒரே மாடலாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷால் எண் போடுங்கள். ஒன்றாம் எண்ணில் மவுண்ட் பண்ணியது ஒன்றாம் எண்ணுக்கே திரும்பட்டும். மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். தாளை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.