அடுப்படியை விட்டு நகராத மகளுக்கு எந்தப் படிப்பு?

வணக்கம்.

‘கேக் சுடுவதெல்லாம் ஒரு வேலையா?’ என்று உங்கள் மாமியார் கேட்டதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலைதான். லேசான வேலையும் இல்லை. பேக்கரிகளிலும் ஹோட்டல்களின் பேஸ்ட்ரி சமையலறைகளிலும் விடிவதற்கு முன்பே ஆள் நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் அவர்களுக்கு அன்றுதான் இடுப்பொடிகிற வேலை. தொடக்கச் சம்பளமும் அலுவலகத்தில் உட்காரும் நண்பர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சற்று மனத்தாங்கல் தரும். இதையெல்லாம் மகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. அவள் பேக்கராக விரும்புகிறாளா என்று வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதாகவே தெரியவில்லை. ‘இவளுக்குப் பேக்கிங் பைத்தியம்’ என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த முடிவை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற சண்டை.

உயர்நிலை 3 படிக்கும் பெண். சனி ஞாயிறு முழுக்கச் சமையலறை. இரவில் குரோஷே பின்னலுக்கான கொக்கி ஊசியும் நூலும். இன்ஸ்டாகிராமில் தெரிந்தவர்களின் ஆர்டர். கணக்கில் இறங்கிக்கொண்டே போகும் மதிப்பெண். தொடக்கக்கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும் என்று அப்பா. நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். இதை வைத்து எந்தப் படிப்பு என்று நான் சொல்லிவிட முடியாது. ஆனால் அவள் வேலை செய்யும்போது நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

ஒரு கேக் செய்து முடிக்கிற வேலைக்குள் ஐந்தாறு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. அதில் எந்த இடத்தில் அவள் நேரம் போவது தெரியாமல் நிற்கிறாள் என்று பாருங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் மக்கரோன் என்ற பாதாம் பிஸ்கட்டைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊற்றி வைத்த மாவின் மேல்தோல் காயவே காயாது. வெண்ணெய் கிரீமோ மின்விசிறிக்கு அடியிலேயே தளர்ந்து வழியும். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் சுடும் மெரிங் மழை நாளில் பிசுபிசுக்கும், ஏனென்றால் சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்படிக் கெட்டுப்போனால் அவள் என்ன செய்கிறாள்? குப்பையில் கொட்டிவிட்டு வேறு பலகாரத்துக்குப் போகிறாளா? அல்லது முட்டை வெள்ளையை இன்னும் கொஞ்ச நேரம் அடித்து, ஓவன் சூட்டைப் பத்து டிகிரி குறைத்து, ஏன் என்று நோட்டில் எழுதி, மறுபடி செய்கிறாளா? இரண்டாவது ரகம் என்றால் அவளைப் பிடித்து வைத்திருப்பது இனிப்பு அல்ல, அதற்குள் இருக்கும் வேதியியல். அவளுக்கு உணவு அறிவியல் என்றொரு துறை இருப்பதைக் காட்டுங்கள். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல், தொழில்நுட்பப் பட்டயம் இருக்கிறது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு, ஊட்டச்சத்து, சமையல் அறிவியல் சேர்ந்த படிப்பு இருக்கிறது. மேலே போனால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில் உணவு அறிவியல் பட்டப்படிப்பே இருக்கிறது. பிஸ்கட் ஆறு மாதம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும், சர்க்கரையைக் குறைத்தாலும் சுவை குறையக்கூடாது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலைகள் அவை. கையில் மாவு ஒட்டும் நாளும் உண்டு, ஆய்வுக்கூட அங்கி போடும் நாளும் உண்டு.

கேக் எப்படியோ வெந்தால் சரி, மேலே என்ன வரப்போகிறது என்பதில்தான் அவள் உயிர் இருக்கிறது என்றால், அது வேறு கதை. அப்படிப்பட்ட பிள்ளைகள் வண்ணம் கலக்க ஒரு மணி நேரம் எடுப்பார்கள். பெட்டிக்குக் கட்டும் நாடாவை வாங்கப் பிராஸ் பாசா வரை போவார்கள். குரோஷே பொம்மைக்குக் கண் எங்கே வைத்தால் முகம் மாறுகிறது என்று பிரித்துப் பிரித்துப் பின்னுவார்கள். பேக்கிங்கையும் குரோஷேயையும் ஒரே பிள்ளை செய்கிறாள் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இரண்டுக்கும் பொதுவானது வடிவமைப்பு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வடிவமைப்புத் துறைகள், லாசால், நாஃபா ஆகிய கலைக் கல்லூரிகளின் பட்டயப் படிப்புகள் எல்லாம் அவளுக்குத் திறந்திருக்கும் வழிகள். 1938இல் தொடங்கிய நாஃபாவும் 1984இல் தொடங்கிய லாசாலும் இப்போது 2024இல் உருவான சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்திருக்கின்றன. ‘கலை படித்தால் பட்டம் கிடைக்குமா’ என்ற பழைய கேள்விக்கு இனி நீங்கள் தடுமாற வேண்டியதில்லை.

விலை போடுவதிலும் வாடிக்கையாளரிடம் பேசுவதிலும்தான் ஆர்வம் என்றால் வணிகப் படிப்பு, அதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். சித்தி பிள்ளைகளை உட்கார வைத்து மாவு உருட்டக் கற்றுக்கொடுப்பதுதான் பிடிக்கிறது என்றால் பாலர் கல்வியையும், செயல்வழிச் சிகிச்சை எனப்படும் ஆக்குப்பேஷனல் தெரப்பியையும் யோசிக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் பழையபடி இயங்கப் பயிற்சி தருகிறவர்களும், பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தைக்கு உதவுகிறவர்களும் இந்தச் சிகிச்சையாளர்கள்தான். எஸ்ஐடி பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. கைவேலை தெரிந்த பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் நினைத்துப் பார்க்காத வழி இது.

இவை எதுவும் இல்லை, அவளுக்குச் சூடான ஓவன் முன்னால் நிற்பதே பிடிக்கிறது, ஒரே பன்னை நூறு தடவை ஒரே அளவில் உருட்டுவதில் சலிப்பில்லை என்றால், அப்போதுதான் அவள் உண்மையிலேயே பேக்கர். தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயில் பேஸ்ட்ரி, பேக்கிங் பயிற்சி இருக்கிறது. ‘ஐடிஇயா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். உலகத் திறன் போட்டிகளில் பேஸ்ட்ரிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அந்தத் துறையில் கையின் தரத்துக்குத்தான் முதல் மரியாதை.

அப்புறம் கணக்கு. அவளுடைய மதிப்பெண் இறங்குவதற்குப் பேக்கிங்தான் காரணம் என்கிறீர்கள். நேரம் போகிறது என்பது உண்மை. ஆனால் கணக்கு அவள் சமையலறையிலேயே கிடக்கிறது. ஆறு அங்குல வட்டத் தட்டுக்கான அளவை எட்டு அங்குலத் தட்டுக்கு மாற்றினால் மாவை எவ்வளவு கூட்ட வேண்டும்? பாதிப் பேர் மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் 36க்கு 64, அதாவது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. குரோஷேயில் தட்டையான வட்டம் பின்ன முதல் சுற்றில் 6 தையல், அடுத்து 12, 18, 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் கிண்ணமாகக் குழியும், அதிகம் கூட்டினால் விளிம்பு அலை அலையாக நெளியும். கூட்டுத்தொடர் அவளுக்குப் புரியவில்லை என்று நான் நம்பமாட்டேன். கணக்குத் துணைப்பாட ஆசிரியரிடம் இந்தக் கணக்குகளைக் கொடுத்து, இங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லிப் பாருங்கள்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவள். ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் திறனுக்கேற்ற நிலையில் படிக்கும் முறையான முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டில் வந்த முதல் அணி. எனவே 2027இல் அவள் எழுதப்போவது பழைய சாதாரண நிலைத் தேர்வு அல்ல, உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்று வெவ்வேறு நிலைகளில் இருக்கும், ஜி3தான் ஆகக் கடினம். 2028 சேர்க்கையிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள் கணக்கில் எடுக்கும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 நிலையில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும். ஒரே ஒரு பாடம் தடுமாறினால் எல்லாம் முடிந்தது என்ற பயம் வேண்டாம். அதற்காகக் கணக்கை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. உணவு அறிவியலுக்கும் வணிகத்துக்கும் கணக்கு வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் முன்கூட்டிய சேர்க்கை என்ற வழியும் உண்டு, மாணவர்கள் ஈஏஈ என்பார்கள். தேர்வு முடிவு வருவதற்கு வெகு முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் இடங்களில் 15 விழுக்காடு வரை இப்படி நிரப்பலாம். ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருவார்கள், ஆனால் பிறகு குறைந்தபட்சத் தேர்வுத் தகுதியையும் அடைய வேண்டும். நேர்காணலுக்கு அழகான கேக் படங்களோடு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். படம் யாரிடமும் இருக்கும். ‘இது ஏன் உடைந்தது, அடுத்த தடவை என்ன மாற்றினாய்?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள்தான் கண்ணில் படுவார்கள். ஆகவே அவளிடம் இன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி, அளவு, சூடு, என்ன கெட்டது, என்ன மாற்றினாள். வெற்றியைவிடச் சொதப்பலை அதிகம் எழுதட்டும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. தொடக்கக்கல்லூரி போனால் இந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியுவின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளிக்கும் என்யுஎஸ்ஸின் தொழில்துறை வடிவமைப்புக்கும் மேல்நிலைத் தேர்வு எழுதியவர்களும் போகிறார்கள். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆசியாவின் சிறந்த பேஸ்ட்ரி சமையலராகத் தேர்வான சிங்கப்பூரர் ஜேனிஸ் வோங் படித்தது பொருளாதாரம். ஆனால் ஒன்று சொல்வேன்: செய்து கற்கிற பிள்ளையை இரண்டு ஆண்டு வெறும் விரிவுரை மண்டபத்தில் உட்கார வைப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று அவரும் ஒரு சனிக்கிழமை சமையலறையில் நின்று பார்க்கட்டும். (தையல், சமையல் என்றால் பெண்பிள்ளை பொழுதுபோக்கு என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தேக்கா நிலையத்தின் மாடிக்கு ஒருமுறை போய், தையல் இயந்திரங்களுக்குப் பின்னால் எத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.)

இனி அந்த ஆர்டர்கள். இதில் நான் கொஞ்சம் கறார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சிறிய அளவில் பேக்கிங் செய்து விற்கத் தடை இல்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே செய்ய வேண்டும், வாசலில் விளம்பரப் பலகை கூடாது, கடைகளில் வைக்கும் பெரிய இயந்திரங்கள் கூடாது, பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளை விற்கிறாள் என்றாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். உணவுப் பாதுகாப்பு, சுகாதாரப் பயிற்சி ஒன்றை நீங்களும் எடுத்துவிடுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் ‘பிள்ளைதானே செய்தாள்’ என்று சொல்ல முடியாது.

அடுத்து, விலை. உதாரணத்துக்கு அவள் ஒரு கேக்கை 45 வெள்ளிக்குக் கொடுக்கிறாள் என்று வையுங்கள். பொருளுக்கு 16, பெட்டிக்கும் பலகைக்கும் 4, மின்சாரத்துக்கு 1 என்றால் மிஞ்சுவது 24 வெள்ளி. பூன் ஹுவாட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கியது, சுட்டது, அலங்கரித்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்றால் மணிக்கு 4 வெள்ளி. பாத்திரம் கழுவியது நீங்கள் என்றால் உங்கள் பங்கு எங்கே? இந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். ‘அம்மா, நான் மாதம் முந்நூறு சம்பாதிக்கிறேன்’ என்ற பெருமை அப்போது கொஞ்சம் அடங்கும். அடங்கிய பிறகும் அவளுக்கு அது பிடித்திருந்தால் நல்ல அறிகுறி.

தீபாவளி எப்போதும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. பொதுத்தேர்வின் எழுத்துத் தாள்களும் அதே சமயத்தில்தான். வீட்டு பேக்கருக்கு ஆண்டிலேயே அதிக ஆர்டர் வரும் மாதம், மாணவிக்கு ஆண்டிலேயே முக்கியமான மாதம். 2027இல் தீபாவளி ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்தச் சமயத்தில் சொன்னால் சண்டையாகும். அதற்குப் பதிலாக அந்த ஆண்டு ஜூன் விடுமுறையில் எடுக்கட்டும். குரோஷேக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை, படித்துக் களைத்த பிறகு இருபது நிமிடம் பின்னினால் தலை தெளியும். அதையும் பிடுங்காதீர்கள்.

அவள் பள்ளியிலேயே கல்வி, வேலை வழிகாட்டி ஆலோசகர் இருப்பார். இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு சந்திப்புக் கேளுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் பொது வரவேற்பு நாள் வைப்பார்கள், ஐடிஇயும் வைக்கும். உணவு அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்று, வடிவமைப்புப் பட்டறை ஒன்று, பேக்கிங் சமையலறை ஒன்று என மூன்றையாவது அவள் பார்க்கட்டும். நீங்கள் கேள்வி கேட்காமல் பின்னால் நில்லுங்கள், கஷ்டம்தான். எந்த இடத்தில் அவளாகவே அங்கிருக்கும் மாணவர்களிடம் பேச ஆரம்பிக்கிறாள், என்ன கேட்கிறாள் என்பதைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். நோட்டின் முதல் சில பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.