தெளிந்த நீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளைப் பற்றி நீங்கள் எழுதிய பழைய கட்டுரையை நம்பி, ஜூலை கடைசியில் குடும்பத்தோடு ஹாமில்டன் கவுண்டிக்குப் போய்வந்தோம். நீங்கள் சொன்ன அந்தச் சிறு ஏரிக்கும் காட்டுப்பாதையில் நடந்தே போனோம். ஆழத்தில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பார்த்தது டீத்தண்ணீர். இடுப்பளவு இறங்கினால் பாதம் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அமெரிக்கர்களும் ஏரியைப் பாழாக்கிவிட்டார்களா?

பி.கு.: இரவெல்லாம் ஏதோ பறவை ஓநாய்போல ஊளையிட்டு என் மகளைத் தூங்கவிடவில்லை.

கே., நியூ ஜெர்சி

அன்புள்ள கே.,

பாழாக்கியது உண்மை. ஆனால் அது பாழாகிக் கிடந்தது நான் பார்த்த காலத்தில்.

1988 கோடையில் அந்தக் கரையில் மூன்று இரவுகள் கூடாரம் போட்டுத் தங்கினேன். உங்கள் கடிதம் வந்ததும் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன், கூச்சமாக இருந்தது. ‘கண்ணாடி நீர்’ என்கிறேன். ஏரியடியில் ‘பச்சைப் பட்டு விரித்ததுபோலப் பாசி’ என்கிறேன். அந்தியில் ஒரு மீன்கூடத் துள்ளாத ‘தியான அமைதி’ என்கிறேன். மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். பிணத்தின் முகத்தில் சாந்தம் கண்டு உருகியிருக்கிறேன்.

அந்தக் கவுண்டியில் ஏரியைக் கெடுக்க ஆளே கிடையாது. நியூயார்க் மாநிலத்திலேயே மக்கள்தொகை குறைந்த கவுண்டி அது. 2020 கணக்கெடுப்பில் 5,107 பேர். காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பும் பழையது. அங்குள்ள அரசுக் காடுகள் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும், மரத்தை விற்கவோ வெட்டவோ கூடாது என்று 1894இல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். (காட்டின் மேல் கொண்ட காதல் மட்டுமல்ல காரணம். மலை மொட்டையானால் ஹட்சன் நதியும் கால்வாய்களும் வற்றிப் படகுகள் ஓடாது என்று வணிகர்கள் பயந்தார்கள். எனக்கு அந்தப் பயத்தின் மேல் மரியாதை உண்டு.)

கோடரியைத் தடுத்த சட்டத்தால் மழையைத் தடுக்க முடியவில்லை. மேற்கே ஒஹையோ நதிப் பள்ளத்தாக்கின் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்தன. உள்ளூர்க் காற்று கெடாமலிருக்கப் புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டினார்கள். புகை பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து இந்த மலைகளில் அமில மழையாக இறங்கியது. சுண்ணாம்புக்கல் நிலமாக இருந்திருந்தால் அமிலத்தை அடக்கியிருக்கும். இங்கே கருங்கல் வகைப் பாறை, அதன்மேல் மெல்லிய மண். அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஓடைகளில் இறக்கியது. அது மீனின் செவுளைத் தாக்கும். தண்ணீருக்குள்ளேயே மீன் மூச்சுத் திணறிச் சாகும். 1984 முதல் 1987 வரை 1,469 ஏரிகளை ஆய்வு செய்தபோது ஏறக்குறைய நான்கில் ஒன்றில் மீனே சிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அமிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உயரத்திலிருந்த சிறு ஏரிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

இனி உங்கள் டீத்தண்ணீருக்கு வருகிறேன். அந்த நீரை ஒரு டம்ளரில் எடுத்து இரவு முழுக்க வைத்திருந்தால், காலையில் அடியில் வண்டல் தங்கியிருக்காது, நிறமும் மாறியிருக்காது. அது கலங்கல் அல்ல, டிகாஷன். காட்டுத் தரையில் மக்கும் இலையும் ஊசியிலையும் மரப்பட்டையும் சதுப்புப் பாசியும் மழையில் ஊறி இறங்கும் சாறு. அமிலம் மிகுந்த காலத்தில் இந்தச் சாறு மண்ணைவிட்டு எளிதில் கரைந்து வரவில்லை. வந்ததையும் அலுமினியம் பிடித்து அடியில் படியவைத்தது. அதனால்தான் எனக்குக் கூழாங்கல் தெரிந்தது. காற்றுத் தூய்மைச் சட்டத்தில் 1990இல் கொண்டுவந்த திருத்தங்களுக்குப் பிறகு மின்நிலையங்களின் கந்தகப் புகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மழையில் அமிலம் குறையக் குறைய, ஏரிகள் மறுபடி பழுப்பாகின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மண் இழந்த சுண்ணாம்புச்சத்து மெதுவாகத்தான் திரும்பும். பழுப்பு நீரில் வெயில் ஆழம்வரை போகாது. மேல்நீர் சூடேற, அடிநீரில் ஆக்சிஜன் குறையும். டிரவுட் மீனுக்குக் குளிர்ச்சியும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். கோடை நீண்டுகொண்டே போனால் அதற்கு ஒதுங்க இடமிருக்காது. ஆனாலும் அதே கவுண்டியில் புரூக்டிரவுட் என்ற ஏரி இருக்கிறது. பெயரே மீனின் பெயர். 1980களில் அந்த மீனே அங்கே இல்லாமல் போனது. 2005இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அவை அங்கேயே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கின.

என் கட்டுரையை நீக்கப்போவதில்லை. அடுத்த பதிப்பில் கீழே உங்கள் கடிதத்தைச் சேர்க்க அனுமதி தாருங்கள்.

மகளைத் தூங்கவிடாத பறவையின் பெயர் லூன். கறுப்பு வெள்ளை உடல், சிவந்த கண், மீன்தான் பிரதான உணவு. மீனில்லாத ஏரியில் அது குஞ்சு வளர்ப்பது கடினம். நான் தங்கிய மூன்று இரவுகளும் நன்றாகத் தூங்கினேன்.