வாசகர் கேள்விகள்: பங்கரும் அதைச் சுற்றிய தரையும்

கேள்வி: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோல்ஃப் மைதானத்தில், புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப்பாதையான ஃபேர்வேயின் நட்டநடுவிலேயே பங்கர்கள், அதாவது மணல் நிறைந்த பள்ளங்கள், இருக்கின்றன. கோணலாக அடித்தவர் தப்பிவிட, நேராக அடித்தவர் மணலில் மாட்டிக்கொள்கிறார். இப்படி ஒரு மைதானத்தை வடிவமைத்தவர் யார்? நேராக அடித்தவரைத் தண்டிப்பது முறையா? (வாசகர், கோவை)

பதில்: அப்படித் தனி ஒருவரைக் கைகாட்ட முடியாது. கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல்மேட்டு நிலம் அது. குளிர்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் சுரண்டிய பள்ளங்களும் முயல் வளைகளும் நாளடைவில் பங்கர்கள் ஆயின என்று வழிவழியாகச் சொல்வார்கள். பந்துகள் தாமாக உருண்டு வந்து சேரும் தாழ்வான இடங்களில், ஆட்டக்காரர்கள் அடித்து அடித்துப் புல் பெயர்ந்து மணல் வெளிப்பட்டதும் ஒரு காரணம். எனக்கு அதுவே வலுவான காரணமாகத் தோன்றுகிறது. ஏனெனில் பந்து எங்கே சேர விரும்புகிறதோ அங்கேயே பங்கர் அமைந்திருப்பதை இன்றும் அங்கே காணலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்த மைதானத்தை இன்றைய திசைக்கு எதிர்த்திசையிலும் ஆடினார்கள். 12ஆவது ஹோலில் (ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து பந்து விழவேண்டிய குழிவரை உள்ள பகுதி ஒரு ஹோல்) நிற்பவர் கண்ணுக்குச் சில பங்கர்கள் தெரியாமல் மறைந்திருப்பதற்கு அதுவே காரணம். எதிர்ப்புறத்திலிருந்து வருபவருக்கு அவை பளிச்சென்று தெரியும்.

நேராக அடித்தவரைத் தண்டிப்பது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். 16ஆவது ஹோலைப் பாருங்கள். ‘பிரின்சிபல்ஸ் நோஸ்’ என்ற பெயரில் மூன்று பங்கர்கள் நடுவே கிடக்கின்றன. அவற்றுக்கு வலப்புறம் ஒரு குறுகிய இடைவெளி, அதற்கு அப்பால் எல்லைக்கோடு. துணிந்து அந்த இடைவெளியில் பந்தை வைத்தவருக்குக் குழியைச் சுற்றி மழித்துவைத்த புல்தரையான கிரீனை நோக்கிய அடுத்த அடி எளிதாகிறது. அகலமான இடப்புறத்தைத் தேர்ந்தவர் பத்திரமாக இருப்பார், ஆனால் அடுத்த அடியில் கிரீனின் முன்னே இடப்பக்கம் இருக்கும் பங்கரைத் தாண்டவேண்டி வரும். எந்தப் பக்கம் செல்வது என்று முடிவெடுக்காமல் நடுவே அடித்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இங்கிலாந்தின் வோக்கிங் கழகத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்டூவர்ட் பேட்டன் என்பவர் இதே பாணியில் 4ஆவது ஹோலின் நடுவே பங்கர் வெட்டியபோது உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். டாம் சிம்ப்சன் என்ற வழக்கறிஞர் அதைக் குறைசொல்லவே போனார். பார்த்தபின் மனம் மாறி, பின்னாளில் மைதான வடிவமைப்பையே தம் தொழிலாக்கிக்கொண்டார்.

கேள்வி: அதே மைதானத்தின் 17ஆவது ஹோலில் உள்ள ‘ரோட்’ பங்கர் அளவில் மிகச் சிறியது. பிறகு ஏன் பெரிய ஆட்டக்காரர்கள்கூட அதில் விழுகிறார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: பங்கரின் அளவை அதன் விளிம்போடு முடித்துக்கொள்ளக் கூடாது. சுற்றியுள்ள தரை எவ்வளவு தூரத்துக்கு அதை நோக்கிச் சரிகிறதோ, அவ்வளவும் பங்கரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிதான். 1978இல் அங்கே நடந்த ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடிகளில் கிரீனை அடைந்துவிட்டார். அங்கிருந்து தள்ளிய பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் இறங்கியது. மீண்டு வர நான்கு அடிகள் ஆயின. அந்த ஹோலில் அவர் எண்ணிக்கை 9. 2000ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் டேவிட் டுவாலும் அதே பங்கரில் நான்கு அடிகளைத் தொலைத்தார். அந்தப் போட்டியை வென்ற டைகர் உட்ஸோ நான்கு நாள்களிலும் ஆடிய 72 ஹோல்களில் ஒருமுறைகூட எந்த பங்கரிலும் விழவில்லை.

சரிவு மட்டும் இருந்தால் போதாது, தரையும் இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் தேங்குவதில்லை. அங்கு வளரும் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லுக்கு அதிகத் தண்ணீரும் வேண்டாம். ஆகவே கோடையில் தரை கட்டாந்தரைபோல் ஆகிவிடுகிறது. விழுந்த பந்து துள்ளி, உருண்டு, சரிவின் சொற்படி போகிறது. அதே இடத்தில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடும். பங்கர் வெறும் பள்ளமாகச் சுருங்கிவிடும்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று, ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தின் 15ஆவது ஹோலான ‘ரெடான்’. கிரிமியப் போரில் பேசப்பட்ட ஒரு கோட்டை அரணின் பெயரை இதற்கு வைத்தார்கள். கிரீன் வலப்புற முன்பக்கத்திலிருந்து இடப்புறப் பின்பக்கம் நோக்கிச் சரிந்திருக்கும். இடப்புற முன்பக்கத்தைக் காவல் காப்பது ஓர் ஆழமான பங்கர். தரை இறுகியிருந்தால், வலப்பக்கம் பந்தை இறக்கி, சரிவிலேயே உருட்டிக் குழியில் நட்ட கொடி வரை கொண்டுபோகலாம். நெஞ்சுரம் உள்ளவர் பங்கருக்கு மேலாகவும் பறக்கவிடலாம். தரை ஈரமாக இருந்தால் முதல் வழி அடைபட்டுப்போகிறது. எல்லாரும் வானத்து வழியாகவே போகவேண்டும். மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் இந்த ஹோலின் வடிவத்தைப் பின்பற்றினார்; அவரைப் பார்த்துப் பலரும் கட்டினார்கள். வடிவத்தை நகலெடுப்பது எளிது. தரையை நகலெடுக்க முடியாமல் தோற்றவர்கள்தாம் அதிகம்.

கேள்வி: மைதானம் பச்சைப்பசேலென்று இருப்பதுதானே நல்ல பராமரிப்புக்கு அடையாளம்? (வாசகர், சென்னை)

பதில்: கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் வட கரோலினாவில் டொனால்ட் ராஸ் வடிவமைத்த பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தின் கதை வேறு. ராஸ் 1948இல் இறக்கும்வரை அந்த மைதானத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். மணல் நிலம் அது. ஃபேர்வேக்கு அப்பால் வெறும் மணலும் கம்பிபோன்ற கோரைப்புல்லும் பைன் மரத்தின் உதிர்ந்த ஊசியிலைகளும் கிடந்தன. பிற்காலத்தில் தண்ணீர் பாய்ச்சி, ஃபேர்வேயைக் குறுக்கி, இரு மருங்கும் அடர்ந்த பெர்முடா புல்லை வளர்த்தார்கள். விளைவு என்னவென்றால், கோணலாக வந்த பந்தை பங்கருக்குப் போகவிடாமல் அந்தப் புல்லே தடுத்து நிறுத்திவிட்டது.

2010-11இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் அதைச் சீரமைத்தார்கள். 1943இல் வானிலிருந்து எடுத்த பழைய படங்களையும், ஃபேர்வேயின் நடுக்கோட்டில் ஓடிய பழைய நீர்க்குழாய்த் தடத்தையும் வழிகாட்டியாகக் கொண்டு, ஏறத்தாழ 35 ஏக்கர் புல்லை அகற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேலிருந்த நீர்த்தெளிப்பான்கள் சுமார் 450 ஆகக் குறைந்தன. ஒற்றைக் குழாயிலிருந்து தெளிக்கும் நீர் நடுவில் நிறையவும் ஓரத்தில் குறைவாகவும் விழுவதால், ஃபேர்வேயின் நடு பச்சையாகவும் ஓரம் பழுப்பாகவும் ஆனது. அந்தப் பழுப்பு ஓரத்தில் விழுந்த பந்து நிற்காமல் மணலுக்குள் ஓடுகிறது. 2014இல் ஆண்களுக்கும் பெண்களுக்குமான அமெரிக்க ஓப்பன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தபோது, புல் காய்ந்துவிட்டதே என்று தொலைக்காட்சி ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்த நிறம் அழகாகவே பட்டது.

கேள்வி: தரை களிமண்ணாக இருந்தால் பங்கருக்கு வழியே இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு, ஆனால் வேறு தந்திரம் வேண்டும். பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில், 1903இல் ஹென்றி ஃபவுன்ஸ் தொடங்கிய காலத்திலிருந்தே களிமண் ஒரு தடையாக இருந்தது. ஆழமாகத் தோண்டினால் நீர் வடியாது. ஆழமில்லாத பங்கரோ யாரையும் அச்சுறுத்தாது. ஆகவே கனமான, அகன்ற பற்கள் கொண்ட வாரியால் மணலை ஏர் உழுததுபோல் சால் சாலாக இழுத்துவைத்தார்கள். பந்து சாலுக்குள் இறங்கிவிட்டால் குறிபார்த்து அடிப்பது கடினம். பக்கவாட்டில் வெளியேற்றினால் போதும் என்றாகிவிடும். ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் அந்த வாரி பின்னர் கைவிடப்பட்டது.

கேள்வி: அடுத்த முறை ஒளிபரப்பைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: பந்து தரையைத் தொட்டபின் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஓப்பன் போட்டி 2027இல் மீண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது. கொடியை ரோட் பங்கருக்குப் பின்னால் நட்டிருக்கும் நாளில், நல்ல ஆட்டக்காரர் ஒருவர் கொடியைப் பார்க்காமல் கிரீனின் வலப்புற முன்பகுதிக்குப் பந்தை அடித்தால், தவறிவிட்டார் என்று எண்ணவேண்டாம். அன்று தரை காய்ந்திருக்கிறது என்று பொருள்.